கொழும்பு ரயிலுக்குப் போன கிணறு

எங்கள் ஊர் வழியாகக் கொழும்புக்கு ரயில் விடப் போகிறார்கள் என்று என்னிடம் முதலில் சொன்னவர் என் வீட்டுக்காரர்தான். விருதுநகருக்குக் கொத்தமல்லி மூட்டையோடு போனவர், மூட்டையைப் போட்டுவிட்டு இந்தச் செய்தியை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். நான் அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தேன். நடுவில் கடல் கிடக்கிறதே, அதன் மேல் ரயில் எப்படிப் போகும் என்று கேட்டேன். அது சர்க்கார் கவலை, நமக்கு எதற்கு என்றார். அவர் எப்போதும் அப்படித்தான். பதில் தெரியாத கேள்வியை யார் தலையிலாவது கட்டிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவார்.

ஐம்பதுகள் முடிந்து அறுபது பிறக்கிற சமயம் அது. நாலு பேர் நாலு விதமாகச் சொன்னதைச் சேர்த்துப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக மானாமதுரைக்குப் புதுசாகத் தண்டவாளம் வரும். மானாமதுரையில் அது ராமேஸ்வரம் போகிற லைனோடு சேரும். அப்புறம் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பல், அக்கரையில் தலைமன்னார், மறுபடி ரயில், கொழும்பு. ஆள் இறங்கிக் கப்பல் ஏறுவதா, இல்லை பெட்டியையே தூக்கிக் கப்பலில் வைப்பார்களா என்று எங்கள் ஊர் ஆண்கள் பல மாதம் வாதாடினார்கள். அவர்களில் ஒருத்தர்கூடக் கடலைப் பார்த்ததில்லை.

நான் பிறந்தது தாயில்பட்டி. அங்கே என் அண்ணன் பட்டாசு ஆபீஸில் லோடு ஏற்றிவிடுகிற வேலையில் இருந்தான். ஊருக்கு வந்தவனிடம் இந்தச் சங்கதியைச் சொன்னதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. தீபாவளி சீசனுக்குக் கொழும்பு ஆர்டர் வந்தால் இனிமேல் நேரே ரயிலில் ஏற்றிவிடலாம் என்றான். வெடிச் சரக்கை ஆள் போகிற ரயிலில் ஏற்றுவார்களா என்று நான் கேட்டேன். அவனும் அது சர்க்கார் கவலை என்றுதான் சொன்னான். இந்த ஆண்பிள்ளைகள் எல்லாரும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள் போல.

எனக்குச் சர்க்கார் கவலை இல்லை, கிணற்றுக் கவலை. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது.

எங்கள் பக்கம் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கிற நிலத்தை மஞ்சள்காணி என்பார்கள். தாய்க்கு வந்தது மகளுக்குப் போகும், ஆண்பிள்ளைகள் அதில் கை வைக்க முடியாது. என் அம்மாவுக்கு அவள் அப்பா கொடுத்த மஞ்சள்காணி, அவள் பிறந்த ஊரில், கரிசல் புஞ்சைக்கு நடுவே ஒரு கிணற்றோடு இருந்தது. என்னை அந்த ஊருக்கே கட்டிக் கொடுத்து, புஞ்சையையும் என் பேருக்கு எழுதிவிட்டாள். அந்த ஊரில் மற்ற கிணறெல்லாம் சவர்த் தண்ணி. அதில் பருப்பைப் போட்டால் விறகு தீர்ந்தாலும் பருப்பு வேகாது. என் கிணற்றுத் தண்ணி மட்டும்தான் குடிக்க ஆகும். காலையில் பாதி ஊர்ப் பொம்பளைகள் குடத்தோடு என் புஞ்சை வரப்பில் வருவார்கள். நான் யாரையும் தடுத்ததில்லை. ஆனால் அந்தக் கிணறு இருந்ததால்தான் புகுந்த வீட்டில் நான் பேசினால் கேட்டார்கள். மாமியார் என்னைத் திட்டவேண்டும் என்றால்கூட ஒரு தடவை யோசித்துத்தான் திட்டுவார். அதை இழந்தால் எனக்கு அந்த ஊரில் என்ன இருக்கிறது? உடுத்தின சேலையும் இந்த வாயும்தான்.

கிணற்றுப் புஞ்சைக்குத் தெற்கே ஒட்டினாற்போல் என் தாய்மாமன் புஞ்சை. என் அம்மாவுக்கு மூத்தவர். அவருக்கும் எங்களுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. காரணம் இந்தக் கிணறுதான். இளவட்டமாக இருந்தபோது தன் அப்பாவோடு சேர்ந்து, சுக்காம்பாறையைக் கடப்பாரையால் இடித்து இடித்து, அந்தக் கிணற்றை வெட்டினவர் அவர். வெட்டி முடித்து நல்ல தண்ணி ஊறினதும் அவர் அப்பா அதை என் அம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டார். அன்றைக்குத் தங்கச்சியோடு பேச்சை நிறுத்தினவர்தான். என் கல்யாணத்துக்கு வந்து பந்தலுக்கு வெளியே நின்றுவிட்டுப் போனார். நான் அந்த ஊருக்கே மருமகளாக வந்த பிறகு எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருடைய புஞ்சை மழையை நம்பின மானாவாரி. பருத்தியும் மல்லியும் போடுவார். வரப்புக்கு இந்தப் பக்கம் என் கமலையில் தண்ணி கொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வானத்தைப் பார்ப்பார். எனக்கே சில நாள் பாவமாக இருக்கும். சில நாள் நன்றாக வேண்டும் என்றும் இருக்கும்.

இனி எங்கள் ஊர்ச் சாவடி வழக்கம். தாயில்பட்டியில் நாங்கள் எங்களுக்கு வேண்டியதை நாங்களே சத்தம்போட்டுக் கேட்போம். இந்த ஊரில் அப்படி இல்லை. ஊர்க் கூட்டத்தில் ஒருத்தர் தன் சொத்துக்காகத் தானே வாய் திறப்பது வெட்கக்கேடு. பக்கத்துப் புஞ்சைக்காரர்தான் அவருக்காகப் பேச வேண்டும். அவருக்காக இவர் பேச வேண்டும். கண்மாய்த் தண்ணி பங்கு வைக்கிற அன்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். எனக்கு வேண்டாம், என் பக்கத்துப் புஞ்சைக்கு விடுங்கள் என்று ஒவ்வொருத்தரும் எழுந்து சொல்வார்கள். எல்லாரும் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே எல்லாருக்கும் கிடைத்துவிடும். புதுசாக வந்தபோது இது என்ன நடிப்பு என்று நான் கிண்டல் பண்ணியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, நடிப்போ என்னமோ, எங்கள் ஊரில் தண்ணிக்காக யாரும் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை, உங்கள் ஊரில் எப்படி என்று கேட்டார். அத்தோடு கிண்டலை விட்டுவிட்டேன்.

பேச்சு வார்த்தை இல்லாதவர்களானாலும் இந்த வழக்கத்தை மீறக் கூடாது. என் மாமா அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். எங்களுக்காக அவர் பேச வேண்டிய நாளில் ஊரிலேயே இருக்க மாட்டார். விருதுநகரில் சோலி என்று விடியும் முன்னே கிளம்பிவிடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் தமுக்கு அடித்தார்கள். புது ரயில் பாதைக்காக ஒரு அதிகாரி சாவடிக்கு வருகிறார், பாதை எந்தப் பக்கம் போகலாம் என்று நிலக்காரர்களின் அபிப்பிராயத்தைக் கேட்பார், எல்லாரும் வந்துவிட வேண்டும் என்று.

ஊரே குழம்பிப் போனது. சர்க்கார் எதையாவது எடுக்கும், அல்லது கொடுக்கும். கேட்டதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. கேட்டால் அதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்றார் ஒருவர். வேண்டாம் என்று சொன்னவர்கள் பெயரைக் குறித்துக்கொள்வார்கள், அப்புறம் விதைக்கடன் கிடைக்காது என்றார் இன்னொருவர். கொழும்புத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கத்தான் இந்த ரயில், வேண்டும் என்று சொன்னால் முதல் வண்டியில் ஏற்றிவிடுவார்கள் என்று ஒரு கிழவர் அடித்துச் சொன்னார். வேண்டும் என்றாலும் ஆபத்து, வேண்டாம் என்றாலும் ஆபத்து. அப்படியானால் என்னதான் சொல்வது என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். ஊர் வழக்கப்படி சொல்லவேண்டியதுதான், அதில் ஒரு குற்றமும் வராது என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அதற்குள் சர்வேக்காரர்கள் அளந்து கல் ஊன்றிவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு வரிசைக் கல் என் கிணற்றுப் புஞ்சை மேலே போனது. இன்னொரு வரிசை மாமாவின் புஞ்சை மேலே. இரண்டில் ஒன்றுதான் என்று தெரிந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நமக்காகப் பேசவேண்டியவர் என் மாமா, அவரோ விருதுநகர் பஸ் ஏறிவிடுவார், பிறகு யார் பேசுவார்கள் என்று புலம்பினேன். வீட்டுக்காரர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, அவர் பேசாவிட்டால் போகிறார், அவருக்காக நான் பேசத்தான் போகிறேன் என்றார். எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அதைவிட மரியாதையாக வேறு என்ன செய்ய முடியும் என்றும் தோன்றியது. சரி, நன்றாகவே பேசுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

கூட்டத்தன்று என் மாமா ஊரில் இருந்தார். சாவடி மூலையில், தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். வெளியே பொம்பளைகளோடு நின்ற என் கண் அவரை விட்டு நகரவில்லை.

அதிகாரி நல்ல மனுஷர். வடக்கத்திப் பக்கத் தமிழ், சின்ன வயசு, வெயிலில் முகம் கறுத்திருந்தது. மேசை மேல் ஒரு பெரிய வரைபடத்தை விரித்து, சிவப்பு பென்சிலில் ஒரு கோடு, நீலத்தில் ஒரு கோடு என்று காட்டினார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கடைசியில் ஒருவர் எழுந்து, படத்தைத் திருப்பிப் போடச் சொன்னார். படத்தில் விருதுநகர் இருக்கிற பக்கம் நிஜ விருதுநகரைப் பார்த்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எப்படிப் புரியும் என்று கேட்டார். அதிகாரி மேசையையே நகர்த்திப் போட்டார். அதற்குப் பிறகு எல்லாரும் குனிந்து தங்கள் தங்கள் புஞ்சையை விரலால் தொட்டுக் காட்டினார்கள்.

பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, உங்கள் நிலத்தை எடுக்க உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். பக்கத்தில் ஒரு குமாஸ்தா எழுதிக்கொண்டே வந்தார். முதலில் எழுந்தவர் தன் புஞ்சையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் பக்கத்துப் புஞ்சைக்காரர் பிள்ளைக்குட்டிக்காரர், அதை எடுக்க வேண்டாம் என்றார். அடுத்தவர் எழுந்து அதையே திருப்பி இவருக்காகச் சொன்னார். அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். உங்கள் நிலத்தைப் பற்றி மட்டும் சொன்னால் போதும் என்றார். அதைத்தான் சொல்லிவிட்டோமே என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள்.

என் புஞ்சைக்கு முறை வந்தது. பொம்பளைகள் சாவடியில் ஏறுவதில்லை, என் சார்பில் என் வீட்டுக்காரர்தான் எழுந்தார். எங்கள் புஞ்சையைப் பற்றி நாங்கள் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை என்று ஆரம்பித்தார். தெற்குப் புஞ்சைக்காரருக்கு அந்த மானாவாரியை விட்டால் வேறு நிலம் இல்லை, வயசான காலத்தில் அவரை நட்டாற்றில் விட்டுவிடாதீர்கள் என்று முடித்தார். நன்றாகவே பேசினார். இத்தனை நன்றாகப் பேசுவார் என்று எனக்கே தெரியாது.

எல்லாரும் மூலையைப் பார்த்தார்கள். என் மாமா துண்டை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"சார், அந்தக் கிணத்தை வெட்டுனவன் நான். மீசை மொளைக்காத வயசுல வெட்டுனேன். அது என் தங்கச்சிக்குப் போச்சு, இப்ப அவ மகளுக்குப் போச்சு. எனக்கு அதுல மனத்தாங்கல்தான், இல்லேங்கல. ஆனா இந்த ஊர்ல குடிக்கிற தண்ணி அது ஒண்ணுதான். அந்தப் புள்ள இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரையும் கொடத்தோட திருப்பி அனுப்புனதில்லே. அதை மண்ணப் போட்டுத் தூத்துறாதீக சார். ஒங்களைக் கையெடுத்துக் கும்புடுதேன்."

சொன்னபடியே கும்பிட்டார். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய நிலத்தைப் பற்றி அதிகாரி கேட்டபோது, என் நிலத்துக்கு என்ன சார் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இவர் நிலத்தை எடுக்காதே என்று அவர் சொல்கிறார், அவர் நிலத்தை எடுக்காதே என்று இவர் சொல்கிறார், நான் ரயிலை எங்கேதான் விடுவது என்று அதிகாரி கேட்டார். சாவடி முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார்.

அன்று சாயந்தரம் என் மாமா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் மிதிக்காத வாசல். என் வீட்டுக்காரர் ஓடிப்போய், "வாங்க மாமா, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். நான் செம்பில் தண்ணி கொடுத்தேன். முழுசையும் அண்ணாந்து குடித்துவிட்டு, ருசி மாறவே இல்லை என்றார். கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார். மறுநாள் தாயில்பட்டிக்கு ஆள் அனுப்பி அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா அடுத்த பஸ்ஸில் வந்து தன் அண்ணனைப் பார்த்துக் கதறினாள். இத்தனை வருஷத்து மனஸ்தாபம் ஒரு ரயிலால் தீர்ந்தது என்று ஊரே சொல்லிச் சிரித்தது. கொழும்பு ரயில் ஓட ஆரம்பிக்கும் முன்னேயே எங்களுக்கு நல்லது பண்ணிவிட்டது என்று நானும்தான் சொன்னேன்.

சில மாதம் கழித்து நோட்டீஸ் வந்தது. என் கிணற்றுப் புஞ்சையைத்தான் எடுக்கிறார்கள். மாமாவின் புஞ்சையை எடுக்கவில்லை.

வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு விருதுநகருக்குப் போனேன். அதே அதிகாரி ஒரு வாடகைக் கட்டடத்தில் ஆபீஸ் போட்டிருந்தார். எங்களை அடையாளம் தெரிந்து உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. ஊர் முன்னால் என் மாமா அத்தனை கெஞ்சினாரே, அது உங்கள் காதில் விழவில்லையா என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்.

"அம்மா, உங்க மாமா உங்க நிலத்தைப் பத்திச் சொன்னார். ஆனா அது அவர் நிலம் இல்லையே. நிலத்துக்குச் சொந்தக்காரங்க சொல்றதைத்தான் நாங்க ஆட்சேபம்னு எடுத்துக்க முடியும். உங்க சார்பா பேசின உங்க வீட்டுக்காரர் சொல்றதுக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாரே."

எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம் அது இல்லை என்று எப்படிச் சொல்வது? என் வீட்டுக்காரர் சொன்னார், திக்கித் திணறி வழக்கம் முழுவதையும் சொன்னார். அதிகாரி முகம் வாடிவிட்டது. அன்றைக்கே யாராவது ஒருத்தர் இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்றார். யார் சொல்வது? நாங்கள் எல்லாரும் மூச்சு விடுவதைப் போல அதைச் செய்துகொண்டிருந்தோம். மூச்சு விடுகிறேன் என்று யாராவது போய்ச் சொல்வார்களா?

ஆனால் நான் அத்தோடு விடவில்லை. என் மாமாவும்தானே தன் நிலத்தைப் பற்றி ஒன்றுமில்லை என்று சொன்னார், இரண்டும் ஒன்றுதானே, பிறகு என் புஞ்சையை மட்டும் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். அதிகாரி, அது அப்படி இல்லை அம்மா என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்தார். சட்டென்று நிறுத்திவிட்டு, மேலே முடிவாகிவிட்டது, இனிமேல் என் கையில் இல்லை என்று முடித்துக்கொண்டார். ஏன் நிறுத்தினார் என்று பஸ்ஸில் வருகிற வழி முழுக்க யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டேன். மேடு பள்ளம் ஏதாவது பார்த்திருப்பார்கள் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஊர் வரைக்கும் அவரோடு பேசவில்லை. நீங்கள் ஏன் வாயைத் திறந்து எங்களுடையது என்று சொல்லவில்லை என்று கத்த வேண்டும் போல் இருந்தது. அவர் வாயைத் திறந்திருந்தால் ஊர் காறித் துப்பியிருக்கும், முதலில் துப்புகிறவள் நானாகத்தான் இருந்திருப்பேன்.

கிணற்றைத் தூர்த்த அன்று நான் போகவில்லை. போக முடியவில்லை. என் மாமா போனார். மண்ணை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டக் கொட்ட, அவர் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதாராம். பொம்பளைகள் வந்து சொன்னார்கள். சாயந்தரம் கண் சிவந்து வீட்டுக்கு வந்தவருக்கு நான்தான் ஆறுதல் சொன்னேன். விடுங்க மாமா, ஒங்களால ஆனதைச் செஞ்சீக என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கப்புறம் எங்களுக்கு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர்தான் முன்னால் நின்றார். என் மகளுக்குக் காது குத்தியபோது தாத்தா ஸ்தானத்தில் அவர் மடியில்தான் உட்காரவைத்தோம். நானும் ஊர்ப் பொம்பளைகளும் தண்ணிக்கு அடுத்த ஊர் வரைக்கும் நடந்தோம். மாமியாருக்கு என்னைத் திட்டுவதற்கு யோசனை தேவைப்படவில்லை. குழம்பில் பருப்பு வேகவில்லை என்றுகூடத் திட்டினார். என்னவோ நான்தான் கிணற்றை மடியில் கட்டிக்கொண்டு போய் ரயில்காரனிடம் கொடுத்தது போல.

ரயில் வந்தது. முதல் வண்டிக்கு ஊர் திரண்டு போய்த் தேங்காய் உடைத்தது. என் வீட்டுக்காரர் துண்டை ஆட்டிக்கொண்டு ஓடினார். நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று சபதம் போட்டிருந்தேன். ஆனாலும் சத்தம் கேட்கும்போது, இது கொழும்பு வரைக்கும் போகிறது, என் கிணற்று மேலே ஏறி மிதித்துக்கொண்டு கடல் தாண்டிப் போகிறது என்று நினைத்துக்கொள்வேன். அதில் ஒரு பெருமையும் இருந்தது. பொய் சொல்வானேன்.

அந்த வருஷ மார்கழியில்தான் அந்தப் புயல் அடித்தது. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோய்விட்டது, ரயிலையே கொண்டுபோய்விட்டது, தண்டவாளம் தண்ணிக்குள் கிடக்கிறது என்று டீக்கடை ரேடியோவில் கேட்டுவிட்டு வந்து சொன்னார்கள். ஊரில் யாரும் அன்று உரக்கப் பேசவில்லை. அத்தனை உயிர் போயிருக்கும்போது கிணற்றைப் பற்றி நினைப்பது பாவம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நினைத்தேன்.

மாசி மாசம் மானாமதுரைப் பக்கம் ஒரு கல்யாணம். மாமாவுக்கு உடம்பு தளர்ந்திருந்தது, துணைக்கு நான்தான் போக வேண்டியதாயிற்று. பஸ்ஸில் குலுக்கல் தாங்காது என்று ரயிலில் போனோம். சபதத்தை விட்டு அன்றுதான் முதன்முதலாக அந்த ரயிலில் ஏறினேன். வண்டி கிளம்பி, கிணறு இருந்த இடத்தைத் தாண்டும்போது இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எதிரே இருந்தவர்கள் புயலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தனுஷ்கோடிக்கு இனிமேல் லைன் போட மாட்டார்களாம், கொழும்புக்கு இந்த வழியாக ரயிலில் போய்க் கப்பல் ஏறுவதெல்லாம் கதை முடிந்துவிட்டது என்றார் ஒருவர். அவர்கள் அருப்புக்கோட்டையில் இறங்கிப் போனதும் பெட்டியில் நாங்கள் மட்டும் இருந்தோம்.

"அப்ப என் கெணறு எதுக்குப் போச்சு மாமா?"

நான் அவரிடம் பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. வாயில் வந்துவிட்டது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

"சாவடிக் கூட்டம் முடிஞ்ச மறுநா நான் அந்த அதிகாரியைப் போய்ப் பாத்தேன் தாயி. கம்மாய்க்கரையில கூடாரம் போட்டிருந்தாரு. என் புஞ்சையை எடுக்காதீக, எனக்கு இஷ்டமில்லேன்னு சொல்லிட்டு வந்தேன். எழுதிக்கிட்டாரு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்படியானால் முந்தின நாள் சாவடியில் பேசியது என்ன என்று கேட்டேன்.

"அதுவும் நெசந்தான். ஊர் முன்னால ஒனக்காகப் பேசுனேன். தனியா எனக்காகப் பேசுனேன். ரெண்டும் நெசந்தான் தாயி."

நானும் தனியாகப் போய்ச் சொல்லியிருப்பேன் என்றுதான் அவர் நினைத்தாராம். தாயில்பட்டிக்காரியாயிற்றே, தனக்கு முன்னாலேயே போயிருப்பாள் என்று நினைத்தாராம். நோட்டீஸ் வந்த அன்றைக்குத்தான் நான் போகவே இல்லை என்று அவருக்குத் தெரிந்ததாம்.

இதை ஏன் இப்போது சொல்கிறீர்கள், சொல்லாமலே செத்துப்போயிருக்கலாமே என்று கேட்டேன். கேட்கக்கூடாத கேள்விதான், கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"இம்புட்டு நாளும் கொழும்புக்குப் போற வண்டியாச்சேன்னு மனசைத் தேத்திக்கிட்டிருந்தேன்" என்றார்.

நான் அவரைத் திட்டவில்லை. திட்டுவதற்கு என்னிடம் வார்த்தை இல்லாமல் போனது என் ஆயுசில் அந்த ஒரு தடவைதான். கும்பிட்ட கையையும் பார்த்தேன், அழுத கண்ணையும் பார்த்தேன், இரண்டிலும் பொய் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. பொய் இருந்திருந்தால் என் பாடு சுலபமாகப் போயிருக்கும்.

மானாமதுரையில் அவர் முதலில் இறங்கி, படி உயரமாக இருக்கிறது, பார்த்து என்று கையை நீட்டினார். நான் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். பிடிக்காமல் இறங்கியிருக்க வேண்டுமோ என்று அவர் போய்ச் சேர்ந்த பிறகும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.